குருதிச் சொற்களும் அவற்றின் பொருளும்

(விருத்தாசலத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றேனும் இல்லாத வீடு இக்காலத்தில் அரிது. அத்தாளில் எண்கள் இருக்கின்றன. எண்களின் அருகே சொற்கள் இருக்கின்றன. எண்களை மருத்துவர் பார்த்துத் தக்கது செய்கிறார். சொற்களோ நோயாளியுடன் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அங்கிருந்து உறவினர் வீட்டுக்குச் செல்கின்றன. சில வேளைகளில் பெண் பார்க்கும் கூடத்துக்கும் சென்று அமர்ந்துகொள்கின்றன. 'நெகட்டிவ்' என்று ஒரு சொல். 'கடத்தி' என்று ஒரு சொல். 'உடம்பில் இரத்தமே இல்லை' என்று ஒரு தொடர். இவை ஒவ்வொன்றும் ஆய்வகத்தில் ஒரு பொருளும் வீட்டுக் கூடத்தில் வேறொரு பொருளும் உடையவை. அந்த வேறுபாட்டை அறியாமையால் உண்டாகும் அச்சம், நோயினால் உண்டாகும் துன்பத்தைக் காட்டிலும் சில வேளை பெரிதாகிவிடுகிறது. ஆதலின் இச்சொற்பொழிவின் பொருள் நோய் அன்று. நோயைச் சொல்லும் சொல்.

சொல்லுக்குப் பொருள் வரையறுக்கும் பணி தமிழ்ச் சமணர்க்குப் புதிதன்று. எழுத்துக்கும் சொல்லுக்கும் நன்னூல் என்னும் இலக்கணம் செய்தவர் பவணந்தி முனிவர். குணபத்திரரின் மாணாக்கராகிய மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, அச்சு நூல்கள் பரவாத காலத்தில் திண்ணைப் பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்த அகராதி. அந்நூலில் பன்னிரண்டு தொகுதிகள் உள்ளன. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டிக் கூறுவன முதற்பத்துத் தொகுதிகள். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைப் பிரித்துக் காட்டுவது பதினோராம் தொகுதி. பெயர் பலவாக வரினும் பொருள் ஒன்றே என அறிதல் ஓர் அறிவு. சொல் ஒன்றாகவே வரினும் பொருள் வேறு என அறிதல் மற்றோர் அறிவு. குருதி பற்றிய சொற்களைக் கையாளுதற்கு இவ்விரண்டு அறிவும் வேண்டும்.

ஒரு பொருளுக்குப் பல பெயர்

முதல் வகைக்கு இவ்வூரின் பெயரே சான்று. திருமுதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என்னும் மூன்றும் ஒரே பொருளன. விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் மலை. பெயர் மூன்று என்பதனால் மலை மூன்றாகிவிடவில்லை.

அவ்வாறே குருதி, உதிரம், இரத்தம், செந்நீர், சோரி, நெய்த்தோர், எருவை எனத் தமிழில் வழங்கும் பெயர்கள் யாவும் ஒரு பொருளையே குறிப்பன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பது வியப்புக்குரியது. 'குரு' என்னும் உரிச்சொல் நிறத்தை உணர்த்தும் என்பது தொல்காப்பியம். குருதி என்பதற்குச் செந்நிறம், செவ்வாய்க்கோள் என்னும் பொருள்களும் உண்டு. உதிரம் என்பது ருதிரம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதன் பொருளும் சிவப்பு. இரத்தம் என்பது நிறமூட்டப்பட்டது, சிவந்தது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. செந்நீர் என்பதற்கு விளக்கம் வேண்டா. எருவை என்பது செம்புக்கும் பெயர். முன்னோர் அப்பொருளின் தொழிலை அறியாதபோதும் அதன் நிறத்தைக் கண்டு பெயரிட்டனர்.

அந்த நிறத்துக்குக் காரணம் இரும்பு. பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற இந்நகரத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. செம்மண்ணால் செய்த ஓடும் செங்கல்லும் சூளையில் வெந்து சிவப்பதற்கு மண்ணிலுள்ள இரும்பே காரணம். இரும்பு மிகக் குறைந்த வெண்களிமண் சுட்டபின்னும் வெண்மையாகவே இருக்கும். பீங்கான் கோப்பை பிறப்பது அந்த மண்ணில். குருதியிலுள்ள இரும்பும் செங்கல்லிலுள்ள இரும்பும் வெவ்வேறு சேர்க்கைகளில் அமைந்தவை. எனினும் உலோகம் ஒன்றே. செங்கல் தன் இரும்பை இழந்தால் வெளிறும், மனிதனும் அவ்வாறே. பண்டைத் தமிழ் மருத்துவம் சோகை நோயைப் 'பாண்டு' என்று அழைத்ததன் காரணம் இதுவே. பாண்டு என்பதன் பொருள் வெளிறிய நிறம். நோயாளியின் கண்ணிமையின் உட்புறத்தையும் நாக்கையும் நகத்தையும் பார்த்து வைத்த பெயர் அது. இன்றும் மருத்துவர் முதலில் பார்ப்பது அவ்விடங்களையே.

மேலைநாட்டுச் சொற்களிலும் இவ்வாறே ஒரு வேர் பல கிளைகளாகப் பிரிந்திருக்கிறது. கிரேக்க மொழியில் 'ஹைமா' என்றால் குருதி. ஒரு சொல் 'ஹீமோ' எனத் தொடங்கினாலும் 'ஈமியா' என முடிந்தாலும் அது குருதியைப் பற்றிய சொல் என்று கொள்ளலாம். இந்த ஒரு திறவுகோல் பல பூட்டுகளைத் திறக்கும். ஹீமோகுளோபின் என்பது குருதியிலுள்ள குளோபின் என்னும் புரதம் இரும்புடன் கூடிய வடிவம். மூச்சுக்காற்றின் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது. அனீமியா என்பதற்கு நேர்ப்பொருள் 'குருதியின்மை'. லூக்கேமியா என்பதற்கு நேர்ப்பொருள் 'வெண்குருதி'; வெள்ளையணுக்கள் அளவிறந்து பெருகியதைக் கண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ இட்ட பெயர். தமிழில் அதனை இரத்தப் புற்றுநோய் என்கின்றோர் நோயின் தன்மையைக் கொண்டு பெயரிட்டனர். விர்ச்சோ கண்ணால் கண்ட நிறத்தைக் கொண்டு பெயரிட்டார்.

குருதியின் பகுதிகளுக்கு வழங்கும் பெயர்களில் குயவரின் களமும் ஆயரின் களமும் தோன்றுகின்றன. 'பிளாஸ்மா' என்பது கிரேக்கச் சொல். களிமண்ணைப் பிசைந்து உருவாக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். வனையப்பட்டது என்று தமிழில் கூறலாம். குருதியிலிருந்து அணுக்களை நீக்கியபின் எஞ்சும் வைக்கோல்நிற நீர்மம் அது. 'சீரம்' என்பது இலத்தீன் சொல். பால் திரிந்தபின் மேலே தெளியும் நீர் என்பது பொருள். குருதி உறைந்து கட்டியானபின் பிரியும் தெளிவு ஆதலால் அப்பெயர் பெற்றது. உறைவதற்குரிய புரதங்கள் பிளாஸ்மாவில் உண்டு. சீரத்தில் அவை செலவாகிவிட்டன. பாலுக்கும் அதன் தெளிவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த எந்தத் தாய்க்கும் இவ்வேறுபாடு விளங்கும். 'பிளேட்லெட்' என்றால் சிறு தட்டு. 1882ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் பிட்சொசேரோ அதன் தொழிலை விளக்கினார். தமிழில் தட்டணு என்று வழங்கும் அச்சொல், டெங்குக் காய்ச்சலால் இன்று சிற்றூர்களுக்கும் அறிமுகமாகிவிட்டது. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை தட்டணுக்கள் இருத்தல் இயல்பு. காயம்பட்ட இடத்தில் முதலில் திரண்டு அடைப்பன அவையே.

பீங்கானுக்கும் குருதிக்கும் இன்னும் ஒரு தொடர்பு உண்டு. பீங்கானுக்கு மூலமாகிய வெண்களிமண்ணைக் கேயோலின் என்பர். சீன நாட்டில் அம்மண் எடுக்கப்பட்ட ஓர் உயர்ந்த மேட்டின் பெயரே மண்ணுக்கும் ஆகிவந்தது. ஊருக்கு மலையின் பெயர் அமைந்தது போல, இங்கே மண்ணுக்கு மேட்டின் பெயர். குருதி எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளக்கும் பரிசோதனை ஒன்றில், உறைதலைத் தொடங்கிவைப்பதற்குக் கேயோலின் பொடியைச் சேர்ப்பதுண்டு. கோப்பையாகும் மண், நோயறியும் கருவியாகவும் பயன்படுகிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள்

இனி, கவனம் மிகுதியும் வேண்டப்படும் இரண்டாம் வகை.

'அணு' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சமண மெய்யியலில் பரமாணு என்பது மேலும் பிளக்க முடியாத புத்கலத்தின் நுண்கூறு. பள்ளி வேதியியலில் அணு என்பது தனிமத்தின் சிறுகூறு. சிவப்பணு என்னும்போது அச்சொல் வேறு பொருளில் நிற்கிறது. அங்கே அது உயிரணுவைக் குறிக்கும். ஒரு சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன; ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. ஆகவே 'சிவப்பணுவில் இரும்பணு' என்னும் தொடரில் அணு என்னும் சொல் இருமுறை வந்து இரு பொருள் தருகிறது. சிவப்பணு பிறந்து ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடிவது. அதிலுள்ள இரும்போ மடியாமல் மீண்டும் புதிய அணுவில் குடியேறுகிறது.

கடல் கடந்தால் சொல் மாறுவதும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது தமனி; இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை; நாளம் என்பது இரண்டுக்கும் பொது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் தமனிக்கு நாடி என்றும் சிரைக்கு நாளம் என்றும் பெயர். அங்கே சிவப்பணு செங்குழியம், வெள்ளையணு வெண்குழியம். தமிழ்நாட்டிலோ நாடி என்றால் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் அங்குள்ள தமிழ் மருத்துவக் கையேட்டைப் படித்துவிட்டுப் பெற்றோருக்கு விளக்கும்போது, இருவரும் தமிழே பேசியும் பொருள் மாறுபடுதல் கூடும்.

அன்றாட வழக்கில் மிகுதியும் மயக்கம் தருவது அழுத்தம் பற்றிய சொல். 'அவருக்குப் பிரஷர் இருக்கிறது' என்பது வழக்கு. இரத்த அழுத்தம் இல்லாதவர் உயிருடன் இல்லாதவரே. இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். விரியும்போது உள்ளது கீழ் எண். பலமுறை அளந்தும் 140க்கு 90 என்னும் அளவிலோ அதற்கு மேலோ நின்றால் அது மிகை அழுத்தம். இதற்கு 'இரத்தக் கொதிப்பு' என்னும் பெயர் தமிழில் நிலைத்துவிட்டது. இப்பெயரால் இருவகைத் தீங்கு விளைகிறது. சினம் கொள்ளாத சாந்த குணத்தவர், தமக்குக் கொதிப்பு வாராது என்று எண்ணிப் பரிசோதனையைத் தவிர்க்கின்றனர். மாத்திரை உண்போர், உடம்பில் கொதிப்பு எதுவும் தோன்றவில்லை என்று மாத்திரையை நிறுத்துகின்றனர். இந்நோய் பெரும்பாலும் எவ்வகை உணர்வும் தாராமல் இருந்து, ஒரு நாள் மூளையையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ தாக்குவது. இதில் குருதி கொதிப்பதும் இல்லை. கொதிப்பதை உணர்வதும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் 'நெகட்டிவ்' என்னும் சொல்லால் வருவது. தொற்றுநோய்ப் பரிசோதனையில் நெகட்டிவ் என்றால் கிருமி காணப்படவில்லை என்று பொருள், மகிழ்ச்சிக்குரியது. குருதி வகையில் நெகட்டிவ் என்றால் 'டி' என்னும் ஒரு பொருள் சிவப்பணுவின் மேல் இல்லை என்று பொருள். மகிழ்வதற்கும் இல்லை, வருந்துவதற்கும் இல்லை. பேச்சு வழக்கில் நெகட்டிவ் என்றால் தீயது, குறையுடையது. இம்மூன்றாம் பொருளை இரண்டாம் இடத்தில் வைத்துப் பார்ப்பவர்கள், 'பெண் நெகட்டிவாம்' என்று கூடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுகின்றனர்.

இதன் வரலாறு சுருக்கமாக இது. 1901ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனிதர் குருதி ஒரே வகையினதன்று என்று காட்டினார். அதற்கு 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஏ, பி, ஏபி, ஓ என்னும் வகைகள் அவ்வழி அமைந்தவை. 1940இல் அவரும் வீனரும் ரீசஸ் என்னும் குரங்கின் குருதியைக் கொண்டு செய்த ஆய்வினால் 'ஆர்எச்' என்னும் பெயர் வந்தது. ஆய்வுக்கு உதவிய விலங்கின் பெயர் தாளில் தங்கிவிட்டது. அதனால் எவருடைய உடம்பிலும் குரங்கின் குருதி இருப்பதாகப் பொருள் இல்லை. இந்தியரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் ஆர்எச் நெகட்டிவ் வகையினர்.

அவ்வகைப் பெண்ணுக்குத் திருமணத்தில் தடை யாதும் இல்லை. கருவுற்ற காலத்தில் ஒரு கவனம் மட்டும் உண்டு. தாய் நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், மகப்பேற்றின்போது குழந்தையின் குருதி சிறிதளவு தாயின் குருதியில் கலக்கக்கூடும். தாயின் உடல் அதற்கு எதிராகப் படை திரட்டும். முதற்குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கு நேராது. அடுத்த குழந்தைக்கு நேரலாம். பிள்ளை பிறந்த 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி டி' என்னும் ஊசியைப் போட்டால் அத்தீங்கு தடுக்கப்படும். கருச்சிதைவு நேர்ந்தாலும் அவ்வூசி வேண்டும். சொல்லின் பொருளை அறிந்த குடும்பம் வகையை மறைக்காது. முதல் நாளே மருத்துவரிடம் கூறும். மறைப்பதால் வரும் கேட்டினை நெகட்டிவ் என்னும் சொல் செய்யவில்லை. அதன் மேல் ஏற்றிய பொருளே செய்கிறது.

'ஓ' என்னும் வகையும் அவ்வாறே. ஏ, பி என்னும் இரு பொருளும் இல்லாத சுழி அது. சுழிக்குக் கீழும் ஒன்று உண்டு என்று காட்டியது இந்தியா. 1952இல் பம்பாயில் பெண்டே முதலிய மருத்துவர்கள், ஏ, பி ஆகியவற்றுக்கு அடிப்படையாகிய 'எச்' என்னும் பொருளே இல்லாத குருதியைக் கண்டனர். அதற்குப் பம்பாய் வகை என்று பெயர். வழக்கமான பரிசோதனையில் அது 'ஓ' என்றே தோன்றும். ஆனால் அவருக்கு 'ஓ' வகைக் குருதியைச் செலுத்தினால் உயிருக்கு ஆபத்து. குருதி ஏற்றுமுன் கொடுப்பவர் குருதியையும் பெறுபவர் குருதியையும் கலந்து பொருத்தம் பார்ப்பதன் காரணம் இதனால் விளங்கும். 'ஓ வகை எல்லோர்க்கும் பொருந்தும்' என்னும் வாய்ப்பாட்டை மட்டும் நம்பி இருத்தல் தகாது.

பெயரே வழிமாற்றும் இடங்கள்

பொருள் பலவாதலால் வரும் மயக்கம் ஒருபுறம் இருக்க, பெயரே பிழைபட அமைந்து வழிமாற்றுவதும் உண்டு.

பழைய பாடநூல்கள் தமனியில் ஓடுவதைச் சுத்த இரத்தம் என்றும் சிரையில் ஓடுவதை அசுத்த இரத்தம் என்றும் கூறின. ஆக்சிஜன் மிகுந்தது, குறைந்தது என்பதே அங்குள்ள வேறுபாடு. தூய்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. குருதிக் கொடையாளர் தருவது சிரையிலிருந்து எடுக்கும் குருதியே. அசுத்தம் என்று பெயரிடப்பட்ட அக்குருதிதான் பிறர் உயிரைக் காக்கிறது.

இதனினும் தீங்கு விளைப்பது 'கெட்ட இரத்தம்' என்னும் சொல். மாதவிலக்கில் வெளியேறுவது கெட்ட இரத்தம் என்றும், அது எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்லது என்றும் மூத்த பெண்டிர் இளம்பெண்களுக்குக் கூறுவதுண்டு. அதில் கேடு எதுவும் இல்லை. உடலின் பிற பகுதிகளில் ஓடும் குருதியே அதிலும் உள்ளது. ஆகவே மிகுதியாகப் போனால் அதனுடன் இரும்பும் போகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையோர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறு உள்ளனர். இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒரு தவறான சொல்லினால் சிகிச்சை பெறாது நின்ற பெண்களும் அவர்களுள் உண்டு என்பதை மறுத்தல் இயலாது.

சோகை என்பதும் விளக்கம் வேண்டும் சொல். 'உடம்பில் இரத்தமே இல்லை' என்பது அனீமியா என்பதன் நேர்ப்பொருளை ஒட்டிய பேச்சு. உண்மையில் குருதியின் மொத்த அளவு பெரும்பாலும் குறைவதில்லை. அதிலுள்ள ஹீமோகுளோபின் குறைகிறது. ஒரு டெசிலிட்டருக்கு ஆடவர்க்கு 13 கிராம், பெண்டிர்க்கு 12 கிராம், கருவுற்றவர்க்கு 11 கிராம் என்பன உலக சுகாதார நிறுவனம் பொதுவாக வகுத்த எல்லைகள். சோகை என்பது நோயின் பெயர் அன்று. காய்ச்சல் போல ஓர் அடையாளத்தின் பெயர். இரும்புக் குறைவு, இலைச்சத்துக் குறைவு, பி12 குறைவு, குருதிப்போக்கு, மரபு எனக் காரணங்கள் வேறு வேறு. காரணம் அறியாமல் இரும்பு மாத்திரை ஒன்றையே உண்டுகொண்டிருத்தல், காய்ச்சலின் காரணம் அறியாமல் நெற்றியில் ஈரத்துணி இட்டுக்கொண்டிருத்தல் போன்றது.

தலசீமியா என்பதன் பொருள் 'கடற்குருதி'. 1925இல் அமெரிக்க மருத்துவர் கூலி இந்நோயை விவரித்தபோது நோயாளிகள் மத்தியதரைக் கடற்கரை நாட்டு மரபினராக இருந்தனர். ஆதலால் 1932இல் இப்பெயர் இடப்பட்டது. கடற்கரையை அறியாத குடும்பங்களிலும் இந்நோய் இந்தியா முழுவதும் உண்டு. இதனோடு உறவுடைய அரிவாள் அணுச் சோகை, இந்தியாவில் முதன்முதலில் 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் கண்டறியப்பட்டது. அங்கே சிவப்பணு வட்டத் தட்டின் வடிவை இழந்து அரிவாள் போல் வளைகிறது. பெயரும் பொருளும் பொருந்திய சொல் அது.

இவ்விரு நோய்களிலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுடைய மரபுக்கூறு வந்தால்தான் பிள்ளைக்குக் கடுநோய் உண்டாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நலமாகவே வாழ்வார். அவரைத் தமிழில் 'கடத்தி' என்கின்றனர். மின்கடத்தி என்னும்போது குற்றமற்ற அச்சொல், செய்தித்தாளில் கடத்தல் என்னும்போது குற்றமாகிறது. 'நோய் கடத்துபவள்' என்று கேட்ட மாத்திரத்தில், தொட்டால் ஒட்டும் நோய் என்று அஞ்சுவோர் உளர். அது ஒட்டுவது அன்று. 'மரபு ஏந்தி' என்று கூறின் இவ்வச்சம் எழாது. ஏந்தி ஒருவர் ஏந்தியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்குக் கடுநோய் வாராது. ஏந்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு கடுநோய்க்கும், இரு பங்கு ஏந்தியாதற்கும், ஒரு பங்கு இரண்டும் இன்மைக்கும் வாய்ப்பு உண்டு. உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே மரபுக்கூற்றை ஏந்தியிருக்கும் வாய்ப்பு சற்று மிகுதி. ஜாதகம் பார்க்கும் அதே வாரத்தில் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை இதனைக் காட்டிவிடும். பரிசோதனை, பெண்ணை விலக்குவதற்கு அன்று. இருவரும் அறிந்து முடிவு செய்வதற்கு.

'இரத்த உறவு' என்னும் தொடரும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. மரபு குருதியின் வழி ஓடுவதில்லை. தாய் தந்தையரின் கருவணுக்களின் வழி வருகிறது. ஆகவே ஒருவர் குருதியைப் பெற்றவர்க்கு அவருடைய குலமோ குணமோ வந்துவிடாது. யார் குருதி என்று கேட்டு நேரத்தை இழத்தல் வேண்டா.

உணவும் சொல்லும்

புலால் நீத்த உணவினர்க்குச் சோகை வருவது இயல்பு என்று கூறுவோர் உளர். இதற்கும் சொல்லாராய்ச்சியிலேயே விடை உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 முதல் பம்பாயில் தங்கி, ஆலைத் தொழிலாளராகிய கருவுற்ற பெண்களின் கடுஞ்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றினால் அது தீர்வதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த மருந்துப்பொருள் 1941இல் பசலை இனக் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலை என்னும் பொருளுடைய 'ஃபோலியம்' என்னும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. தமிழில் 'போலிக் அமிலம்' என்று அச்சிடும்போது போலி மருந்து என மயங்க இடமுண்டு. அது போலி அன்று, இலை அமிலம்.

பி12 உயிர்ச்சத்துக்குக் கோபாலமின் என்று மற்றொரு பெயர். கோபாலன் பெயரோ என ஐயுற வேண்டா. கோபால்ட் என்னும் உலோகம் அதனுள் இருப்பதனால் வந்த பெயர். பீங்கான் கோப்பைகளில் நீலக்கோடு தீட்ட உதவுவதும் அவ்வுலோகத்தின் சேர்மமே. இந்த ஒரு சத்து மட்டும் செடிகொடிகளில் கிடைப்பதில்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. ஆதலால் புலால் உண்ணாதோர், குறிப்பாக முதியோர், இதனை அளந்து பார்த்துக்கொள்ளல் நன்று. கைகால் மரமரப்பு, நாவெரிச்சல், மறதி என்பன இதன் குறைவினாலும் தோன்றும். பி12 குறைந்திருக்கும்போது இலை அமில மாத்திரையை மட்டும் உண்டால் சோகை மாறுவது போல் தோன்றும். நரம்பின் கேடோ உள்ளே வளரும். முற்காலத்தில் இவ்வகைச் சோகையுள் ஒன்றுக்குக் 'கொல்லும் சோகை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். 1926இல் உணவு முறையும் 1948இல் பி12உம் கண்டறியப்பட்டபின் அது கொல்வதில்லை. பெயர் மட்டும் மாறாமல் தாளில் நிற்கிறது.

இரும்பைப் பொறுத்தவரை கம்பு, எள், பயறு, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ளது உடலில் மெல்லச் சேரும். நெல்லிக்கனியும் எலுமிச்சையும் அதனை விரைவுபடுத்தும். உணவுடன் பருகும் தேநீரும் காப்பியும் தடுக்கும். ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தர் என்னும் சமண ஆசாரியர் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை ஊனும் தேனும் கள்ளும் நீக்கியே இயற்றினார். கொல்லா நோன்பும் உடல்நலமும் முரண்படா என்பது அவர் துணிபு. அத்துணிபைக் காப்பதற்கு இக்காலத்தில் வேண்டுவது, எந்தச் சத்து எங்கே உள்ளது, எது குறைகிறது என்னும் தெளிவு.

நிறைவாக

சமண அறம் தானத்தை நான்கு வகையாகக் கூறும்: உணவு, மருந்து, கல்வி, அபயம். குருதிக் கொடை மருந்துத் தானத்தின் பாற்படும் என்று பலரும் கூறுவர், அது பொருத்தமே. ஆயினும் குருதி கொடுக்க வயதும் உடல்நிலையும் தடையாகும் முதியோரும் செய்யத்தக்க கொடை ஒன்று உண்டு. பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணிடம், 'நெகட்டிவ் என்றால் குறை என்று பொருளன்று. ஏந்தி என்றால் நோயாளி என்று பொருளன்று. சோகை என்றால் காரணத்தைத் தேடு என்று பொருள்' என எடுத்துரைப்பது கல்வித் தானம். அதைக் கேட்டு அவள் அச்சம் நீங்கி மருத்துவரிடம் செல்வாளாயின், அதுவே அபய தானமும் ஆகிறது. ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் கூறுவதனால் இரண்டு தானங்கள் நிறைவேறுகின்றன.

நிகண்டு தந்த மரபில் வந்தோர், தத்தம் இல்லத்தார் அனைவரின் குருதி வகையையும், ஹீமோகுளோபின் அளவையும், அவற்றைக் குறிக்கும் சொற்களின் பொருளையும் ஒரு சிறு ஏட்டில் எழுதி வைப்பாராக. அவ்வேட்டைப் படிப்பதற்கு வீட்டுப் பிள்ளைகளைப் பழக்குவாராக. கூடத்தில் ஒரு சொல் தவறாக வழங்கும்போது, அங்கேயே அதன் பொருளைத் திருத்துவாராக.

அனைவரும் நலம் பெறுக, அச்சம் நீங்குக.